நஞ்சு நடந்த பாதை – 12: தலைகீழாகத் தொங்கிய எலிகள்

சென்ற இதழை ஹேமன் தீவில் நிறுத்தியிருந்தோம். 1935-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கடலோரம். கண்ணைப் பறிக்கும் சங்கு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதன் மேல்தோலைக் கத்தியால் சுரண்டினார் 27 வயது இளைஞர் ஒருவர். ஏதோ லேசாகக் குத்தியது. வலி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பிறகு உதடு மரத்தது, பார்வை மங்கியது, கால்கள் துவண்டன. ஐந்து மணி நேரத்தில் உயிர் போயிற்று. கொன்றது கோனஸ் ஜியோகிராஃபஸ் என்னும் கூம்பு நத்தை. ஹியூகோ ஃப்ளெக்கர் என்ற மருத்துவர் அடுத்த ஆண்டு இதை மருத்துவ இதழில் எழுதிவைத்தார்.

இப்படி ஒரு சாவு பதிவானது அதுதான் முதல் தடவை என்று நினைக்க வேண்டாம். அம்போன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸ், பாண்டா தீவில் வலை இழுத்தபோது கிடைத்த கூம்பு நத்தையைக் கையில் வைத்திருந்து இறந்துபோன அடிமைப் பெண் ஒருத்தியைப் பற்றித் தன் நூலில் குறித்திருக்கிறார். அந்த நூல் அவர் காலமான பிறகு, 1705-இல் அச்சாயிற்று. நூலுக்கும் ஹேமன் தீவுக்கும் இடையே 230 ஆண்டுகள். அவ்வளவு காலமும் உலகம் இந்தச் சங்கை அலமாரியில் அடுக்கி அழகு பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பிராணி எதைத் தின்று வாழ்கிறது என்பதே 1950களில்தான் தெளிவாயிற்று. ஹவாயில் ஆய்வு செய்த ஆலன் கோன், இவற்றில் ஓர் இனம் மீனைப் பிடித்து விழுங்குவதைப் பார்த்து 1956-இல் எழுதினார். தவழ்ந்து போகிற நத்தை, நீந்திப் போகிற மீனைப் பிடிக்கிறது! அடுத்த பத்தாண்டில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எண்டீன் இந்த நஞ்சு தசையையும் நரம்பையும் என்ன செய்கிறது என்று சோதிக்கத் தொடங்கினார்.

ஆனால் இன்றைய கதை மணிலாவுக்குப் போகிறது.

பால்டொமெரோ ஒலிவெரா அங்கே பிறந்து வளர்ந்தவர். நண்பர்களுக்கு டோட்டோ. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல், கால்டெக்கில் முனைவர் பட்டம், பிறகு ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் லேமனிடம் ஆய்வு. அறுந்த டி.என்.ஏ. இழைகளை ஒட்டவைக்கும் லைகேஸ் நொதியை 1967-இல் கண்டறிந்தவர்களில் அவரும் ஒருவர். மூலக்கூறு உயிரியல் அப்போது சூடு பிடித்திருந்த துறை. அதன் நடு மையத்திலிருந்து கிளம்பி ஊர் திரும்பினார். மணிலாவில் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. டி.என்.ஏ. ஆய்வுக்கு வேண்டிய கருவி எதுவும் அங்கே இல்லை. கருவி வரும்வரை சும்மா உட்கார முடியாது. விலை உயர்ந்த சாதனம் கேட்காத, உள்ளூரிலேயே கிடைக்கும் பொருளில் ஒரு கேள்வி வேண்டும். சிறு வயதில் சங்கு சேகரித்தவர் அவர். ஆளைக் கொல்லும் சங்கு பிலிப்பைன்ஸ் கடலில் நிறையக் கிடைக்கும். மீனவர்களிடம் சொல்லிவைத்தால் கொண்டுவந்து தந்துவிடுவார்கள்.

கூட்டாளியாக வந்தவர் லூர்தெஸ் குரூஸ். அமெரிக்காவில் அயோவாவில் உயிர்வேதியியல் முடித்து, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். கூம்பு நத்தை வரலாற்றில் ஒலிவெராவின் பெயர் வரும் இடங்களிலெல்லாம் குரூஸின் பெயரும் வந்தாக வேண்டும். பல கட்டுரைகள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. தொடக்க காலத்தில் நஞ்சைப் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்திய வேலையில் பெரும்பங்கு அவருடையது.

கருவி இல்லாத ஆய்வகத்தில் நஞ்சை எப்படி அளப்பது? கம்பி வலை ஒன்றை எடுத்து எலியை அதில் ஏற்றி, வலையைத் தலைகீழாகத் திருப்புவார்கள். நல்ல எலி நான்கு காலாலும் வலையைப் பற்றிக்கொண்டு தொங்கும். நஞ்சை வயிற்றில் ஊசியால் ஏற்றிய எலி, தசை தளர்ந்ததும் பொத்தென்று விழும். விழ எத்தனை நேரம் ஆகிறது என்பதுதான் அளவு. வேண்டியவை ஒரு வலை, ஒரு கடிகாரம், சில எலிகள். நஞ்சைக் கூறுகூறாகப் பிரித்து, எந்தக் கூறு எலியை விழவைக்கிறதோ அதை மேலும் பிரித்து, அதிலும் விழவைப்பதை எடுத்து, இப்படியே போக வேண்டியதுதான்.

கடைசியில் கையில் நின்றவை மிகச் சிறிய பெப்டைடுகள். அவற்றில் ஒன்றான ஆல்ஃபா-கோனோடாக்ஸின் ஜிஐ வெறும் 13 அமினோ அமிலங்கள் கொண்டது. இந்தத் தொடரில் முன்பு பார்த்த தைவான் கட்டுவிரியனின் புங்காரோடாக்ஸினில் 74. இரண்டும் போய் உட்காரும் இடம் ஒன்றே: நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலினைத் தசை வாங்கிக்கொள்ளும் ஏற்பி. பாம்பு 74 அமினோ அமிலம் செலவழித்துச் செய்கிற வேலையை நத்தை 13-இல் முடித்துவிடுகிறது. இவ்வளவு சிறிய இழை கலைந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள சிஸ்டீன்கள். ஒரு சிஸ்டீனின் கந்தகம் இன்னொன்றின் கந்தகத்தோடு பிணைந்து இழையை இறுக்கிவிடும். கூம்பு நத்தையின் பெரும்பாலான நஞ்சுப் பெப்டைடுகளில் இந்தக் கந்தகப் பிணைப்பு இரண்டோ மூன்றோ இருக்கும்.

இதற்குள் ஒலிவெரா 1970-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கடலே இல்லாத மாநிலம். இருப்பது ஓர் உப்பு ஏரி. கடல் நத்தை ஆராய்ச்சியின் தலைமையிடமாக அந்த ஊர் ஆனது வேடிக்கைதான். நத்தையின் நஞ்சு பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது, குரூஸும் வந்து வந்து போனார். கருவிகளுக்கு இப்போது பஞ்சமில்லை, டி.என்.ஏ. வேலையும் ஒருபக்கம் நடந்தது. நத்தையோ, எலி ஏன் விழுகிறது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டதால், ஏறக்குறைய முடிந்த சமாசாரம்போல் இருந்தது.

அந்த நேரத்தில் கிரெய்க் கிளார்க் என்ற இளங்கலை மாணவர் ஒரு யோசனை சொன்னார். நஞ்சின் கூறுகளை எலியின் வயிற்றில் ஏற்றாமல் நேராக மூளையில் ஏற்றிப் பார்த்தால் என்ன? ஒலிவெராவுக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. நத்தைக்கு வேண்டியது மீன் அசையாமல் நிற்பது. அதற்குத் தசையை முடக்கினால் போதும், மூளையில் என்ன வேலை? இருந்தாலும் செய்து பார்க்கச் சொன்னார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு பேராசிரியரின் பெரிய குணம் சரியாகக் கணிப்பதில் மட்டும் இல்லை. தான் நம்பாததைச் செய்து பார்க்க மாணவனுக்கு ஓர் எலிக்கூண்டையும் இரண்டு மாதத்தையும் கொடுப்பதிலும் இருக்கிறது.

கிளார்க் ஒவ்வொரு கூறாக ஏற்றினார். ஒன்றை ஏற்றியதும் எலி தூங்கிவிட்டது. இன்னொன்றில் உடம்பெல்லாம் நடுங்கியது. ஒன்றில் வட்டமாக ஓடியது, வேறொன்றில் ஓயாமல் சொறிந்துகொண்டது. தூங்கவைத்த கூறு இன்னும் விசித்திரம். இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளைத் தூங்கவைத்த அதே பெப்டைடு, வளர்ந்த எலிகளை நிலைகொள்ளாமல் ஓடவைத்தது. கிளார்க், ஒலிவெரா, குரூஸ் மூவரும் மூளை மீதான இந்த விளைவை 1981-இல் வெளியிட்டார்கள். அந்தத் தூக்கப் பெப்டைடு, மூளையில் குளுட்டமேட்டை வாங்கும் ஏற்பிகளில் ஒரு வகையை அடைப்பது பிறகு தெரிந்தது. சில ஆண்டு கழித்து வேறொரு கூம்பு நத்தையிலிருந்து எடுத்த பெப்டைடு, அடங்கிக் கிடந்த சிங்கி இறால் ஒன்றை மார்தட்டும் தலைவன்போல நிமிர்ந்து நிற்கவைத்தது. அதற்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் கிங்காங்.

அதுவரை எல்லோரும் 'கூம்பு நத்தையின் நஞ்சு' என்று ஒருமையில் பேசினார்கள். கிளார்க்கின் எலிகளுக்குப் பிறகு அப்படிப் பேச முடியவில்லை. ஒரே நத்தையின் நஞ்சுக் குழாயில் நூற்றுக்கு மேல் பெப்டைடுகள். ஒவ்வொன்றும் வேறு வேறு இலக்கைத் தேடிப் போகிறது. இனத்துக்கு இனம் அந்தச் சரக்கு மாறுகிறது. இனங்களோ பல நூறு.

இலக்கு என்ன என்பதைச் சற்று நின்று பார்த்துவிடுவோம். நரம்புச் செல்லின் சுவரில் அயனி வாயில்கள் உள்ளன. ஏரி மதகைப்போல, திறந்தால் பாயும், மூடினால் நிற்கும். ஆனால் சோடியத்துக்குத் தனி வாயில், பொட்டாசியத்துக்குத் தனி, கால்சியத்துக்குத் தனி. செய்தி ஒன்று நரம்பில் ஓட வேண்டுமானால் முதலில் சோடியம் வாயில் திறந்து சோடியம் உள்ளே பாயும். ஒரு மில்லிநொடி அளவில் அது தானே அடைத்துக்கொள்ளும். பிறகு பொட்டாசியம் வெளியேறி நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். செய்தி நரம்பின் முனையை எட்டியதும் கால்சியம் வாயில் திறக்கும். உள்ளே வரும் கால்சியம், முனையில் காத்திருக்கும் வேதிச்செய்தியை வெளியே தள்ளும். எதிரே உள்ள தசையோ அடுத்த நரம்போ அதை வாங்கிக்கொள்ளும்.

இந்த வரிசையில் நத்தை கைவைக்காத இடம் கிட்டத்தட்ட இல்லை. ஆல்ஃபா வகை தசையின் ஏற்பியை அடைக்கிறது. மியூ வகை சோடியம் வாயிலின் துவாரத்தில் போய்ச் செருகிக்கொள்கிறது. பேத்தை மீனின் டெட்ரோடாக்ஸினும் இதைத்தான் செய்கிறது என்று சொல்லலாம், வித்தியாசம் இருக்கிறது. டெட்ரோடாக்ஸின் நரம்பின் சோடியம் வாயில், தசையின் சோடியம் வாயில் இரண்டையும் அடைக்கும். 22 அமினோ அமிலம் கொண்ட மியூ-கோனோடாக்ஸின் ஜிஐஐஐஏ தசையின் வாயிலை அடைத்துவிட்டு நரம்பின் வாயிலைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டு வாயில்களும் வேறு வேறு புரதங்கள் என்பதை மனிதன் பிரித்தறியப் பட்ட பாட்டை நினைத்தால் நத்தை மீது பொறாமைதான் வரும்.

நத்தைக்கு ஏன் இத்தனை ஆடம்பரம்? அதன் வேகத்தை நினைத்தால் புரியும். குத்துப்பட்ட மீன் சில விநாடி நீந்தினாலும் போதும், நத்தையால் துரத்திப் பிடிக்க முடியாது. வேறு யாராவது தின்றுவிடுவார்கள். குத்தும் கருவியே நுட்பமானது. பல்லாக இருந்த உறுப்பு, கைட்டினால் ஆன உட்குழல் ஈட்டியாக மாறியிருக்கிறது, முனையில் முள்ளுடன். நீண்ட தும்பிக்கையின் நுனியில் அதைப் பிடித்துக்கொண்டு மீன் அருகில் வரும்வரை நத்தை காத்திருக்கும். தசைப் பை ஒன்று சுருங்கி நஞ்சை ஈட்டி வழியாகச் செலுத்தும். ஒரு ஈட்டி ஒரு குத்துக்கு. அடுத்த வேட்டைக்குப் பையில் வேறு ஈட்டிகள் தயாராக இருக்கும். நஞ்சைக் கறக்க ஆய்வகங்கள் இதையே பயன்படுத்திக்கொண்டன. சின்னக் குப்பியின் வாயை மெல்லிய ரப்பரால் மூடி, மேலே மீன் துடுப்பின் துண்டை வைத்து நீட்டினால் நத்தை அதை மீன் என்று நம்பிக் குத்திவிடும். நத்தையைக் கொன்று குழாயை அறுத்தெடுக்கும் பழைய முறைக்கு இது எவ்வளவோ மேல்.

அந்த விநாடிக் கணக்கை நத்தை எப்படித் தீர்க்கிறது என்பதை 1996-இல் 'நேச்சர்' இதழில் ஹைன்ரிக் டெர்லாவும் ஒலிவெரா குழுவினரும் காட்டினார்கள். கோனஸ் பர்ப்பூரசென்ஸ் என்ற நத்தை மீனைக் குத்திய மறுகணம் மீன் மின்சாரம் தாக்கியதுபோல விறைத்துவிடும். தளர்ச்சி வருவது அதற்குப் பின்னால்தான். விறைப்புக்குக் காரணம் இரண்டு பெப்டைடுகள். டெல்டா வகை, திறந்த சோடியம் வாயிலை அடைத்துக்கொள்ள விடுவதில்லை. கப்பா வகை, பொட்டாசியம் வாயிலை மூடிவிடுகிறது. உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை. குத்துப்பட்ட இடத்து நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறுகின்றன. மீன் விறைத்து நிற்கும் அந்த இடைவேளையில் ஆல்ஃபா, மியூ வகைகள் மெல்லப் பரவி நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடுகின்றன.

டெல்டா வகைக்கு நம் கடற்கரையிலும் ஒரு சாட்சி உண்டு. இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் நத்தையிலிருந்து, சோடியம் வாயிலை மூடவிடாத ஒரு டெல்டா-கோனோடாக்ஸினைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணன் ஆகியோர் அடங்கிய குழு 2003-இல் விவரித்தது. கடற்கரைக் கடைகளில் விற்கும் கூம்புச் சங்குகளுக்குப் பயப்பட வேண்டாம், அவை வெறும் ஓடு. உயிரோடு மணலில் கிடப்பதைத்தான் தொடக்கூடாது. முறிமருந்து இன்றும் கிடையாது. நஞ்சு வடியும்வரை செயற்கைச் சுவாசம் ஒன்றே வழி.

மறுபடி யூட்டா. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு 18 வயதில் இந்த ஆய்வகத்துக்குள் வந்தவர் மைக்கேல் மெக்கின்டோஷ். அவர் கையில் எடுத்தது எலியை நடுங்கவைக்கும் பெப்டைடு. ஜியோகிராஃபஸ் நத்தையிலிருந்து 27 அமினோ அமிலம் கொண்ட ஒன்றும், கோனஸ் மேகஸ் என்ற சிறிய நத்தையிலிருந்து 25 அமினோ அமிலம் கொண்ட இன்னொன்றும் கிடைத்தன. இவை ஒமேகா வகை. முன்னதன் கட்டமைப்பு 1984-இல் வெளிவந்தது. அதே ஆண்டு யூட்டாவின் டோஜு யோஷிகாமி, கெர் என்பவருடன் சேர்ந்து தவளையின் நரம்பு-தசைச் சந்தியில் அதை வைத்துப் பார்த்தார். தசை நன்றாகத்தான் இருந்தது. நரம்பிலும் செய்தி ஓடியது. ஆனால் நரம்பு முனை வேதிச்செய்தியை வெளியே விடவில்லை. பெப்டைடு போய் அடைத்தது கால்சியம் வாயிலை.

இங்கே ஒரு புதிர். மீனும் தவளையும் இந்தப் பெப்டைடால் முடங்கின. எலியின் வயிற்றில் ஏற்றினாலோ அது தலைகீழ் வலையில் சாவகாசமாகத் தொங்கியது. காரணம் பின்னால் துலங்கிற்று. கால்சியம் வாயில்களில் பல வகை உண்டு. தவளையின் தசைச் சந்தியில் வேலை செய்வது என்-வகை. பாலூட்டிகளின் தசைச் சந்தியில் இருப்பது பி/கியூ-வகை. அதை இந்தப் பெப்டைடு தீண்டுவதில்லை. பாலூட்டியின் உடம்பில் என்-வகை முக்கியமாக நிற்கும் ஓர் இடம், தண்டுவடத்தின் பின்கொம்பு. உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் கைமாறும் இடம் அது. மணிலாவின் கம்பி வலையோடு ஆய்வு நின்றிருந்தால் இந்தப் பெப்டைடு 'எலி விழவில்லை' என்று குப்பைக்குப் போயிருக்கும்.

கலிஃபோர்னியாவின் நியூரெக்ஸ் நிறுவனம் மேகஸ் பெப்டைடை மருந்தாக்க முனைந்தது. ஜார்ஜ் மில்ஜானிச் அதில் முன்னின்றவர். ஜியோகிராஃபஸ் பெப்டைடு வாயிலைப் பிடித்தால் லேசில் விடாது. மேகஸ் பெப்டைடு விட்டுவிடும். மருந்துக்கு விடுகிற குணம் வேண்டும். முதலில் அவர்கள் குறிவைத்தது வலியை இல்லை. பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் மூளைச் செல்லைக் காப்பாற்ற முடியுமா என்றுதான் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏற்றினால் இரத்த அழுத்தம் இறங்கியது. வலிக்குத் திரும்பி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் நேராகச் செலுத்தும் முறைக்கு வந்தார்கள். 1998-இல் அயர்லாந்தின் ஈலான் நிறுவனம் நியூரெக்ஸை வாங்கிக்கொண்டது. புற்றுநோயாலோ எய்ட்ஸாலோ தீராத வலியில் கிடந்த 111 பேரிடம் நடந்த சோதனை 2004 தொடக்கத்தில் வெளிவந்தது: வலி அளவு, மருந்து பெற்றவர்களுக்குச் சராசரி 53 சதவீதமும் போலி மருந்து பெற்றவர்களுக்கு 18 சதவீதமும் குறைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மருந்துப் பெயர் சிகோனோடைட், விற்பனைப் பெயர் பிரியால்ட். தொழிற்சாலையில் செய்ததுதான்; ஆனால் 25 அமினோ அமிலங்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை, நத்தை செய்த அதே மூலக்கூறு.

மார்பினைப்போல நாளாக நாளாக அளவைக் கூட்ட வேண்டியதில்லை, பழக்கமாவதும் இல்லை. இதை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் பாதிக் கதையைச் சொல்கிறார்கள். மருந்தைச் செலுத்தப் பம்பும் முதுகில் குழாயும் வேண்டும். ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராமில் தொடங்கி, 19.2-ஐத் தாண்டக்கூடாது. அந்த உச்ச அளவிலேயே கொடுத்தாலும் ஒரு கிராம் ஒரு நோயாளிக்கு 140 ஆண்டுக்குக் காணும். வலியைக் குறைக்கும் அளவுக்கும் புத்தியைத் தடுமாறவைக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. தலைசுற்றல், குழப்பம், இல்லாதது தெரிதல் எல்லாம் வரும். மனநோய் வரலாறு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்தின் அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. வேறு எதுவும் கேட்காத சிலருக்குத்தான் இது எட்டியது.

மருந்தாகாத ஜியோகிராஃபஸ் பெப்டைடுதான் அதிகம் உழைத்தது என்பது என் கணிப்பு. பிடித்தால் விடாத அந்தக் குணத்தால் ஆய்வகத்துக்கு அது வாய்ப்பாக அமைந்தது. ஒரு நரம்பில் அதைச் சொட்டினால் என்-வகை வாயில் மட்டும் அடைபடும். மிச்சம் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மூளையின் எந்தச் சந்தியில் எந்தக் கால்சியம் வாயில் என்ற வரைபடத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வரையப்பட்டது. நோயறிதலிலும் இதன் உறவினர் ஒருவர் புகுந்துவிட்டார்: லாம்பர்ட்-ஈட்டன் என்ற தசைத்தளர்ச்சி நோயில் உடம்பு தன் பி/கியூ-வகை வாயிலையே எதிரியாக நினைத்துத் தாக்கும். அந்த எதிர்ப்பொருளை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் சோதனையில், வாயிலை அடையாளம் காட்ட ஒட்டவைப்பது மேகஸ் நத்தையின் மற்றோர் ஒமேகா பெப்டைடு.

ஹேமன் தீவு இளைஞருக்கு உதடு மரத்ததற்கும் கால் துவண்டதற்கும் கணக்கு இதோடு ஓரளவு நேராகிறது. ஆனால் ஜியோகிராஃபஸ் மீனுக்குச் செய்வதில் ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்த நத்தை மற்றவற்றைப்போல எட்டி நின்று குத்துவதில்லை. வாயை வலைபோல விரித்துக்கொண்டு வரும், மீன்கள் மயங்கினாற்போல அதற்குள் போய்விடும். அந்த மயக்கத்துக்குக் காரணம் தேடிய ஹெலெனா சஃபாவி-ஹெமாமியும் சக ஆய்வாளர்களும் 2015-இல் நஞ்சுக்குள் கண்டுபிடித்தது இன்சுலின். நத்தையின் சொந்த உடம்புக்கு வேண்டிய இன்சுலின் இல்லை அது, மீனின் இன்சுலின் சாயலில் செய்து வைத்தது. மீனின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென இறக்குவதற்காக. மனித இன்சுலின் மூலக்கூறுகள்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டம் சேர்ந்து தாமதிக்காத இந்த இன்சுலின், சர்க்கரை நோய் ஆய்வாளர்களை ஏன் நத்தை பக்கம் திருப்பியது என்பது அடுத்த இதழில்.